மீதியை வெள்ளித்திரையில் காண்க

டூரிங் டாக்கீஸ் வாசலில் சில்லறைக் காசுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சாணித்தாள், மங்கிய அச்சு. பாடல்களுக்கு முன்னால் ஒரு பக்கம் கதைச் சுருக்கம். நாயகி ஆற்றங்கரையில் மயங்கி விழுந்ததும் கதை நின்றுவிடும். அடியில் மூன்றே சொல்: ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க.’ ஆசையைக் கிளப்பு, முடிச்சை அவிழ்க்காதே! தமிழ் சினிமா விளம்பரம் பல காலம் இந்தச் சூத்திரத்தில்தான் பிழைத்தது.

அந்த விளம்பரம் தெருவழியே வந்தது. மாட்டு வண்டியின் இரு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டி, முன்னால் கொட்டுச் சத்தம், வண்டிக்குள்ளிருந்து பறக்கும் ரோஸ் நிற நோட்டீஸ், பொறுக்கப் பின்னால் ஓடும் பிள்ளைகள். சென்னை மவுண்ட் ரோட்டில் வானுயர கட்-அவுட். சாரத்தில் ஏறி நின்று கையால் வரைந்த பேனர். வானொலியில் கால் மணி நேர விளம்பரம். நாலு வசனம், இரண்டு பாட்டு. அங்கேயும் கதை சூடுபிடிக்கிற இடத்தில் வசனம் பட்டென்று அறுந்துபோகும்.

இதில் மன்னர் எஸ்.எஸ்.வாசன். விளம்பர முகவராகத் தொழில் செய்து, 1928இல் ஆனந்த விகடனை வாங்கியவர். 1948இல் ‘சந்திரலேகா’வைத் தமிழிலும் பிறகு இந்தியிலும் அவர் கொண்டுவந்தபோது, படத்துக்குச் சமமாக அதன் விளம்பரமும் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

அன்றைய விளம்பரத்துக்கு அவகாசம் இருந்தது. படம் முதலில் நகரங்களில் ஓடும். படச்சுருள் பெட்டி எங்கள் ஊர் வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் பட்டணத்துக்குப் போய்வந்த மாமா ஒருவர் ‘பார்க்கலாம்’ என்பார், அதுதான் விமர்சனம். விகடன் மதிப்பெண் போட்டால் வாசகர்கள் பரீட்சை முடிவு போலப் பார்ப்பார்கள். 1977இல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62½ இன்றும் ஞாபகத்தில் நிற்கிறது. வெற்றியை நாள் கணக்கில் அளந்தார்கள்: 50, 100, வெள்ளி விழா.

இந்த ஏற்பாட்டை ஒரு பாட்டு உலுக்கியது. 2011 நவம்பர் 16 அன்று ‘3’ படத்தின் ‘ஒய் திஸ் கொலவெறி’ யூடியூபில் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிச் சிரிக்கிற காட்சி, அவ்வளவுதான். தமிழ் தெரியாதவர்களும் பாடினார்கள். மறு ஆண்டு மார்ச்சில் படம் வந்தது. பாட்டு ஓடிய ஓட்டத்துக்குப் படம் ஓடவில்லை. விளம்பரமே சரக்காகிவிடும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அது முதல் மணி.

நல்லதும் நடந்தது. கட்-அவுட் வைக்கக் காசில்லாதவனுக்கும் வாசல் திறந்தது. பாலாஜி மோகன் எடுத்த ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படம் யூடியூபில் பரவி, 2012இல் அதே பெயரில் திரைப்படமானது. ஆனால் பேனர் ஓவியர்களின் தூரிகையை முதலில் ஃபிளெக்ஸ் பிடுங்கியது. இப்போது அந்த ஃபிளெக்ஸையும் செல்போன் ஓரங்கட்டுகிறது.

சுவரில் ஒட்டிய போஸ்டர் தாசில்தாருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டியது. இன்றைய விளம்பரம் ஆள் பார்த்து வருகிறது. நேற்று எந்த டிரெய்லரைப் பாதியில் நிறுத்தினோம், எந்த நடிகரின் பாட்டைத் திரும்பக் கேட்டோம் என்று குறித்துவைத்து அதற்கேற்பத் தலை நீட்டுகிறது. 100ஆவது நாள் போஸ்டர் இருந்த இடத்தில், ‘24 மணி நேரத்தில் இத்தனை கோடி பார்வைகள்’ வந்து உட்கார்ந்திருக்கிறது.

பெட்டி போய் டிஜிட்டல் வந்தபின் பட்டணத்துக்கும் பட்டிக்கும் ஒரே நாளில் படம் வந்துவிடுகிறது. முதல் வெள்ளி, சனி, ஞாயிறில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் தியேட்டர் வாசலில் மைக்கோடு யூடியூபர் நிற்கிறார். இடைவேளையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் பரவிய வாய்ப்பேச்சு மணிக்கணக்கில் சுருங்கிவிட்டது. 2024இல் தயாரிப்பாளர் தரப்பு, வெளியான மூன்று நாளைக்கு இணைய விமர்சனம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாட்ஸ்ஆப்புக்கு யார் பூட்டுப் போடுவது?

அவர்கள் கேட்டது மூன்று நாள் மௌனம். பாட்டுப் புத்தகம் அதைத் தானாகவே கடைப்பிடித்தது. இன்று டீசர், டிரெய்லர், மேக்கிங் வீடியோ, இருபது நேர்காணல் என்று தயாரிப்பாளரே முக்கால் கதையைச் சொல்லிவிடுகிறார். மிச்சத்தை விமர்சகர் சொல்லிவிடுகிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டேன். கதை, திருப்பம், கடைசிச் சண்டை எல்லாம் சொன்னான். “எந்தத் தியேட்டர்ல பார்த்தே?” என்றேன்.

“இன்னும் பார்க்கலை சார். ஓ.டி.டி.யில வரட்டும்.”