சிறுத்தைக்கு முப்பத்தாறு ஃபிரேம்

சோழவரத்தில் சிறுத்தை கிடையாது. ஏரி உண்டு, பக்கத்துச் செங்குன்றத்து அரிசி ஆலைகளின் உமித்தூசி உண்டு, கல்கத்தா சாலையில் விடிய விடிய கன்டெய்னர் லாரி உண்டு. ஆனாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற பையன்கள் சிலர் வார விடுப்போடு ஒரு நாள் லீவைச் சேர்த்துக்கொண்டு முதுமலைக்கும் கபினிக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஏரிக்கரைக் கொக்கிலும் பழவேற்காட்டுப் பூநாரையிலும் கை பழகிக்கொண்டு, சிறுத்தைக்காகக் காடேறுகிற கூட்டம். கையில் மிரர்லெஸ் கேமரா. லென்ஸ் பெரும்பாலும் வாடகை.

இவர்களுடைய தாத்தா காலத்தில் சோழவரத்துக்குக் கேமராவோடு வந்தவர்கள் வேறு வேட்டைக்கு வந்தவர்கள். போர்க்காலத்து விமான ஓடுபாதையில் கார், பைக் பந்தயம் நடக்கும். சீறிப் போகிற வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி, சரியான நொடியில் ஒரே ஒரு அழுத்து. ஃபிலிம் சுருளில் இருப்பது முப்பத்தாறு. பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனபோது அந்தக் கூட்டமும் போய்விட்டது. வண்டியாவது சுற்றி மறுபடி வரும், சிறுத்தை வராது.

அன்றைய காட்டுப் படக்காரர் என்றால் மெட்ராஸ்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். யானை மீதேறியும் கால்நடையாகவும் காட்டைச் சுற்றியவர். வண்ண ஃபிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடாதவர். கடையில் வாங்கிய கேமராவை அப்படியே பயன்படுத்தாமல், பல கருவிகளின் பாகங்களைப் பொருத்தித் தாமே ஒன்றைக் கட்டி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்துக்கொண்டார். பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவருடைய படங்களில் விலங்கு பெரும்பாலும் சட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. சுற்றிலும் புல், கிளை, பாறை. இது ரசனை மட்டுமல்ல. அந்தக் காலத்து லென்ஸுக்கு எட்டியது அவ்வளவுதான் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வெளிச்சக் கணக்கைப் பாருங்கள். சிறுத்தை புதரை விட்டு வெளியே வருவது பொழுது சாயும் நேரத்தில். 400 வேக ஃபிலிமில், 5.6 துளையில், அந்த மங்கலில் ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். சிறுத்தை வாலை அசைத்தாலே படம் கலங்கும். இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினால் அதே இருட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு கிடைக்கிறது. பதினாறு மடங்கு. போதாததற்குக் கேமராவே கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் வைக்கிறது. நொடிக்கு இருபது படம். சஃபாரி வேனில் ஒருவர் இருமினாலும் அதில் நாலு தேறும்.

ஃபிலிமுக்கும் பஞ்சம். வெளிநாட்டுச் சரக்கு விலை ஏறிக் கிடந்த காலத்தில், ஊட்டியில் இருந்த அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் தயாரித்தது. முதுமலைக் காட்டுக்கு மேலே, மலை உச்சியில் ஃபிலிம் ஆலை! அந்தச் சிமிழை வாங்கி, மலையிறங்கி, முதுமலைத் தெப்பக்காட்டில் சுட்டு, சென்னைக்குக் கொண்டுவந்து கழுவினால்தான் விழுந்தது சிறுத்தையா புதரா என்று தெரியும். ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது.

படத்தைத் திருத்துவது இன்றைக்கு வந்த வித்தை என்று நினைப்பவர்கள் டார்க் ரூமைப் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பி நுனியில் காசு அளவு அட்டை ஒட்டி, என்லார்ஜர் வெளிச்சத்தின் நடுவே சிறுத்தையின் முகத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள்; அந்த இடம் கறுக்காமல் தப்பும். வெளுத்துப்போன வானத்துக்கு, நடுவில் ஓட்டை போட்ட அட்டை வழியே இன்னும் சில நொடி வெளிச்சம். கையை ஆட்டாமல் ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழும், சாமி படம் மாதிரி. தாள் ஒன்று வீண். பிறகு ஹைப்போ தொட்டி, தண்ணீர், கிளிப் மாட்டிய கொடி.

இன்றைக்கு லைட்ரூம் மென்பொருளில் ‘மாஸ்க்’ என்று செய்வதெல்லாம் அந்த அட்டையின் வேலைதான். தாள் வீணாகாது என்பதால் எங்கே நிறுத்துவது என்றுதான் தெரிவதில்லை. மர நிழலில் எடுத்த ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலக் கோப்பில், சிறுத்தையின் வெள்ளை வயிறு பச்சை பூத்துக் கிடக்கும். அதை வெள்ளைக்குக் கொண்டுவந்தால் உடம்பின் மஞ்சள் தானாக நேராகிவிடும். அதோடு விடலாம். விடுவதில்லை, ஆரஞ்சுவரை இழுக்கிறார்கள். கண்ணைத் தனியே தேர்ந்து வெளிச்சம் ஏற்றுகிறார்கள், சீரியல் பல்பு போல மின்னுகிறது. 2023இல் அந்த மென்பொருளுக்குள்ளேயே வந்த செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கி உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் அளவு மீறினால் ரோமத்தை மெழுகாக்கிவிடும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மீசை முளைக்கிற புள்ளி வரிசையைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. சிறுத்தையின் புள்ளிக்கொத்துகள் நம் கைரேகை போல. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இல்லை, இடது விலாவுக்கும் வலது விலாவுக்குமே ஒத்துப்போகாது. தானியங்கிக் கேமராக்களில் விழும் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2018இல் 868 என்றிருந்த மதிப்பீடு 2022இல் 1,070 ஆனது. இலங்கையின் யாலாவில் பயணிகள் எடுத்த படங்களை வைத்தும் தனித்தனிச் சிறுத்தைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். புள்ளியை அழித்துத் திருத்திய படம் இதற்கு உதவாது.

யாலாவைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே புலி இல்லை. சிறுத்தைதான் ராஜா, அதனால் பகலிலேயே பாறைமேல் படுத்திருக்கும். செய்தி பரவினால் ஜீப்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்து சேரும். ஆனால் வருகிற படங்களில் ஒரு ஜீப்பாவது இருக்கிறதா? 600 மில்லிமீட்டர் லென்ஸ் முகத்தை மட்டும் வெட்டியெடுக்கிறது, பின்னணி கரைந்து பச்சைக் குழம்பாகிறது, மிச்சமிருக்கும் சைடு மிரரை மென்பொருள் துடைக்கிறது. முதுமலையா, கபினியா, யாலாவா, மிருகக்காட்சிச் சாலையா, படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய போட்டிகளில் ரா ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது சும்மா இல்லை. ரா ஃபைலிலும் தெரியாதது உண்டு: லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய் பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்ற முடிவில் பரிசே பறிபோனது.

நம் சிப்காட் பையன்களிடம் ஒன்று கேட்கலாம். முகம் கிடைத்தாகிவிட்டது, கார்டில் மூவாயிரம் இருக்கிறது. ஜூம் லென்ஸ்தானே, ஒரு தடவை பின்னால் இழுங்கள். தேக்கு, மூங்கில், மண் பாதை எல்லாம் வரட்டும். எதிர் வேனும் விழுந்தால் விழட்டும், அதைத் துடைக்க வேண்டாம்.