வீட்டுக்கு ஒரு கணக்கேடு



ஒரு கடைக்குக் கணக்கேடு உண்டு. தோட்ட அலுவலகத்தில் பெரட்டுப் புத்தகமும் சம்பளப் பட்டியலும் உண்டு. கோயில் திருவிழா முடிந்ததும் நிருவாகத்தினர் வரவு செலவைச் சபையோர் முன் வாசிக்கின்றனர். ஆனால், இவை அனைத்தினும் முதன்மையான குடும்பத்திற்கு மட்டும் பல இடங்களில் கணக்கேடு இருப்பதில்லை. தோட்டப்புற வீடுகள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்துவந்த ஒரே ஏடு, மளிகைக் கடைக்காரர் பற்று எழுதிக் கொடுக்கும் 555 புத்தகமே. அது நாம் பட்ட கடனைக் கூறும். நம்மிடம் உள்ளதைக் கூறாது.

வருவாய் குறைவாக இருப்பதனால் மட்டும் ஒரு குடும்பம் கெடுவதில்லை; செலவு வருவாயை மீறும்போதே கெடுகிறது என்பது, திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உணர்த்தும் கருத்தாகும். மீறுகிறதா இல்லையா என்பதை எழுதிப் பார்த்தாலன்றி எவ்வாறு அறிவது? அவ்வாறு எழுதும் பொறுப்புக்கு மிகவும் ஏற்றவர், நாள் முழுதும் வீட்டிலிருந்து குடும்பத்தைக் காக்கும் இல்லத்தரசியே ஆவார்.

2020 கற்பித்த பாடம்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, கடைகளும் தொழிற்சாலைகளும் பல அடைக்கப்பட்டன. நாட்கூலி பெற்றவர்களின் வருவாய் ஒரே நாளில் நின்றது. வீடே பள்ளிக்கூடமாயிற்று, வீடே வேலைத்தலமுமாயிற்று. ஒரே கைப்பேசியை இரண்டு மூன்று பிள்ளைகள் பாடத்திற்காகப் பகிர்ந்துகொண்டனர்.

அந்த நெருக்கடியில் மக்கள் எதைக் கொண்டு வாழ்ந்தனர்? அரசாங்கத்தின் உதவித் தொகை கிடைத்தது. வங்கிக் கடன் தவணைகள் ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டன. அவற்றிற்கு மேலும் தேவைப்பட்டபோது, முதுமைக் காலத்திற்கென ஊழியர் சேமநிதியில் வைத்திருந்த பணத்தை எடுத்தனர். 2020 முதல் 2022 வரை வழங்கப்பட்ட சிறப்பு அனுமதிகளின் வழி எடுக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 145 பில்லியன் வெள்ளியாகும். பசித்த பிள்ளைக்குச் சோறிட எடுத்ததைக் குறை கூறலாகாது. ஆயினும், கையில் மூன்று மாதச் செலவுக்கான பணம் தனியாக இருந்திருக்குமாயின், முதுமைக்கு வைத்ததைத் தொட நேர்ந்திராத குடும்பங்கள் பல இருந்திருக்கும்.

நம் ஊர் கூறும் அறிவுரை

தெலுக் இந்தான் நகரின் சாய்ந்த கோபுரத்தை அறியாதார் இலர். இவ்வூர் தெலுக் ஆன்சன் எனப் பெயர் பெற்றிருந்த காலத்தில், 1885-ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்பவர் அதனைக் கட்டினார். அதனை மணிக்கூண்டாக மட்டுமே இன்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நகருக்கு நீர் சேமித்து வைக்கும் தொட்டியாகவும் விளங்கியது. வறட்சி வந்தாலும், தீப்பிடித்தாலும் பயன்படுமென்று அன்றைய மக்கள் நீரைத் தேக்கி வைத்தனர். பேராக் ஆறு அருகிலேயே ஓடும் ஊரில்கூட நீரைச் சேமிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாதச் சம்பளமும் ஆற்றைப் போன்றதே. வருகிறது, போகிறது. தேக்கி வைத்ததே ஆபத்தில் உதவும்.

கணக்கேட்டை எழுதும் முறை

இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பள்ளிக் குறிப்பேடு ஒன்றும் எழுதுகோலும் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. நாள்தோறும் இரவு உணவிற்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்று செலவான ஒவ்வொரு காசையும் எழுதுதல் வேண்டும். எழுதப் படிக்க இயலாத தாய்மார் வாயாற் கூற, ஐந்தாம் ஆறாம் ஆண்டில் பயிலும் பிள்ளைகள் எழுதலாம். பிள்ளைக்குக் கணிதப் பயிற்சியும் ஆயிற்று. குடும்ப நிலையை அறிந்துகொள்ளும் வாய்ப்பும் ஆயிற்று.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இதில் தொழிலாளியின் சேமநிதிப் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. சொக்சோ முதலிய சிறு பிடித்தங்களும் போக, கைக்கு வருவது சுமார் 1,500 வெள்ளி. ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் குடும்பம் இதனைப் பின்வருமாறு பங்கிடலாம்:

உணவும் மளிகையும் – 600 வெள்ளி
வீடு, மின்சாரம், நீர், கைப்பேசி – 400 வெள்ளி
பெட்ரோல், பள்ளி வேன் – 200 வெள்ளி
பிள்ளைகளின் கல்வி – 100 வெள்ளி
மருத்துவம், கோயில், உறவினர் விசேடம், தீபாவளி – 100 வெள்ளி
சேமிப்பு – 100 வெள்ளி

குடும்பத்துக்குக் குடும்பம் இவ்வெண்கள் மாறும். தோட்ட வீட்டில் வாடகையின்றி வாழ்வோர்க்கு ஒரு செலவு குறையும். நோயாளி உள்ள வீட்டில் வேறொன்று கூடும். எண்களைவிட மூன்று விதிகளே முக்கியமானவை.

முதலாவது, சேமிப்பைச் சம்பள நாளன்றே எடுத்து வைத்தல் வேண்டும். மாத முடிவில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்பவர்க்கு எதுவும் மிஞ்சுவதில்லை. சேமநிதிப் பணம் சம்பளம் கைக்கு வருமுன்னரே பிடிக்கப்படுவதும் இக்காரணம் பற்றியே.

இரண்டாவது, தீபாவளியும் பள்ளித் திறப்பும் திடீரென வருபவை அல்ல. ஆண்டுதோறும் வரும் செலவைப் பன்னிரண்டாக வகுத்து, மாதந்தோறும் ஓர் உறையில் இட்டு வைத்தால், அந்த மாதத்தில் கடன் வாங்க நேராது.

மூன்றாவது, சிறு ஒழுக்குகளை அடைத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 2 வெள்ளிக்கு இனிப்புப் பானம் வாங்கினால் ஓராண்டில் 730 வெள்ளி கரைகிறது. சிகரெட்டுக்கும் மதுவுக்கும் நான்கு எண் லாட்டரிக்கும் ஆகும் செலவைக் குடும்பத் தலைவர்களே எழுதிக் கூட்டிப் பார்க்கலாம். பிறர் கூறும் அறிவுரையைவிடத் தம் கையால் எழுதிய எண் வலிமை மிக்கது.

கடனில் விழாதிருக்க

தோட்டப்புறங்களில் ‘கூட்டு’ப் பிடித்தல் பழைய வழக்கம். பலர் மாதந்தோறும் பணம் போட்டு, ஏலம் அல்லது குலுக்கல் வழி ஒருவர் மொத்தத்தையும் எடுப்பர். முதலில் எடுத்தவர் ஓடிவிட்டாலோ, நடத்துபவர் ஏமாற்றினாலோ மற்றவர் பணம் போய்விடும். இதனால் 1971-ஆம் ஆண்டிலேயே கூட்டுத் தொழில் நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. நம் தமிழ்ச் சொல்லாகிய ‘கூட்டு’ என்பதே அச்சட்டத்தின் பெயரில் இடம் பெற்றிருக்கிறது. ஏமாற்றப்பட்டோர் எத்தனை பேர் இருந்திருந்தால் இத்தகைய சட்டம் தேவைப்பட்டிருக்கும்!

வட்டி முதலைகளிடம் அகப்படுவது அதனினும் கொடிது. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர், பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேல் வட்டி வாங்குவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1,000 வெள்ளிக்கு ஓராண்டு வட்டி 180 வெள்ளியைத் தாண்டாது. உரிமமில்லாத ஒருவர் மாதத்திற்குப் பத்து விழுக்காடு கேட்டால், அதே 1,000 வெள்ளிக்கு ஓராண்டு வட்டி 1,200 வெள்ளி! முதலைவிட வட்டி மிகுந்துவிடுகிறது. ஏற்கெனவே வங்கிக் கடனில் தத்தளிப்போர், பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டில் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். அதன் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை; அங்குச் செல்வதில் வெட்கமும் இல்லை.

வீட்டிலிருந்தபடியே வருவாய்

முறுக்கு சுடுதல், தையல், பூமாலை தொடுத்தல், விசேடங்களுக்குச் சமைத்துக் கொடுத்தல் எனப் பல தொழில்களைத் தாய்மார் வீட்டிலிருந்தே செய்கின்றனர். இவற்றிலும் கணக்கு இன்றியமையாதது. குடும்பப் பணமும் தொழிற்பணமும் ஒரே பணப்பையில் கலந்துவிட்டால் இலாபமா நட்டமா என்பது தெரியாது.

ஒருவர் 20 பொட்டலம் முறுக்குச் சுட்டு, பொட்டலம் 2 வெள்ளி வீதம் 40 வெள்ளிக்கு விற்கிறார் எனக் கொள்வோம். மாவு, எண்ணெய், எரிவாயு, பிளாஸ்டிக் பை ஆகியவற்றிற்கு 25 வெள்ளி செலவு. மீதம் 15 வெள்ளி. உழைத்த நேரமோ ஐந்து மணி. ஆகவே, மணிக்கு 3 வெள்ளியே கூலியாகக் கிடைக்கிறது. 1,700 வெள்ளி மாதச் சம்பளத்திற்கு ஈடாகச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அப்படியாயின் விலையைச் சற்று உயர்த்த வேண்டும். அல்லது ஒரே அமர்வில் இருமடங்கு சுட்டு நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். தம் நேரத்திற்கு விலையிடாத தாய், பிறருக்கு மலிவாக விற்றுத் தம் உடலையே செலவழிக்கிறார்.

வீட்டு வேலையும் வேலையே

“அம்மா வேலை செய்யவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்” என்று மாணவர் சிலர் கூறுவதுண்டு. இது பெரும் பிழை. விடியுமுன் எழுந்து சமைத்து, துவைத்து, பெருக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, முதியோரைப் பேணுவது வேலையன்றி வேறென்ன? சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022-ஆம் ஆண்டில் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. 55 வயதுக்கு உட்பட்ட இல்லத்தரசி ஓராண்டுக்கு 120 வெள்ளி செலுத்திச் சொக்சோவில் பதிந்துகொண்டால், வீட்டு வேலையின்போது விபத்து நேர்ந்தாலும், உழைக்க இயலாத நிலை ஏற்பட்டாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு.

வேலை என்பது உண்மையாயின், அதனைப் பங்கிடுவதும் முறையே. காலை முதல் இரவு வரை உள்ள வேலைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை எழுதுங்கள். தட்டுக் கழுவுதலும் துணி மடித்தலும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியன அல்ல. தாய்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் மிஞ்சுமாயின், அந்நேரமே அவருடைய முன்னேற்றத்திற்கு வித்தாகும்.

இலக்குக்குப் பெயரிடுங்கள்

சேமிப்புக்கு ஓர் இலக்கு இல்லையெனில் அது எளிதில் கரைந்துவிடும். முன்னர்க் கண்ட 100 வெள்ளியை மூன்றாகப் பிரிப்போம்.

ஆபத்துக் காலத்திற்கு 50 வெள்ளி. ஓராண்டில் 600 வெள்ளி சேரும். அது ஒரு மாத உணவுச் செலவுக்குச் சமம்.

பிள்ளையின் உயர்கல்விக்கு 30 வெள்ளி. எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பிலோ வங்கியிலோ போட்டுவந்தால், ஆறாண்டு ஆரம்பக் கல்வி முடிவதற்குள் 2,160 வெள்ளி முதலாகவே சேர்ந்துவிடும்.

எஞ்சிய 20 வெள்ளி தாயின் பெயரில். ஓராண்டில் 240 வெள்ளியாகும். அதில் 120 வெள்ளி மேற்கூறிய சொக்சோ பாதுகாப்பிற்கு. மற்ற 120 வெள்ளியை ஐ-சாரான் திட்டத்தின் வழித் தம் சொந்தச் சேமநிதிக் கணக்கில் செலுத்தலாம். 2025-ஆம் ஆண்டுமுதல் இத்திட்டத்தில் அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, கூடுதலாகச் சேர்க்கிறது. சம்பளம் பெறாத தாய்க்கும் முதுமை உண்டு என்பதைக் குடும்பத்தார் மறத்தலாகாது.

பணத்தால் மட்டும் அளக்க இயலாத இலக்குகளும் உள. இடையில் நின்றுபோன எஸ்.பி.எம். தேர்வைத் தனித் தேர்வராக எழுதுதல், தையற்கலை பயிலுதல், வாகன உரிமம் எடுத்தல் ஆகியவை தாய்மாருக்கும் உரியனவே. அவற்றையும் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் நாள் குறித்து எழுதி வைத்தல் நன்று.

சிறுதொகை என்று எதையும் இகழ வேண்டாம். 1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டுகளாக்கப்பட்டு விற்கப்பட்டபோது, நம் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தவித்தனர். அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று, ஆளுக்குப் பத்து வெள்ளி தருமாறு வேண்டினார். 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் உடைமையாயிற்று. பால்மரம் சீவிய கைகளின் பத்துப் பத்து வெள்ளியே தோட்டத்தை வாங்கியது! அன்று அந்தப் பத்து வெள்ளியைச் செலவழிக்காமல் எடுத்து வைத்தவர்களுள், அடுப்பங்கரையில் நின்ற நம் பாட்டிமாரும் அடங்குவர்.

மாணவர்களே! இவ்வாண்டு நீங்கள் பழைய பயிற்றுநூலில் மிஞ்சிய தாள்களைத் தைத்து ஓர் ஏடு செய்து, உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். முதல் வரியை நீங்களே எழுதுங்கள். பெற்றோர்களே! பிள்ளையின் மதிப்பெண் ஏட்டில் கையொப்பமிடுவதுபோல, மாதந்தோறும் இவ்வேட்டிலும் இருவரும் கையொப்பமிடுங்கள். 555 புத்தகம் மெலிந்து, வீட்டுக் கணக்கேடு தடிக்கட்டும். நம் குடும்பங்கள் தலைநிமிரட்டும்!