சேவலை மாற்றுவோம், பேட்டைக் காப்போம்

இடம்பெயர்ந்து அக்கரப்பத்தனைப் பக்கத்திற்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களைச் சந்திக்கும்போது, எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் ஊர்க்கோழி ஒரு கிலோவைத் தாண்ட மாதக்கணக்காகிறது. கடைக்கோழியோ ஆறு வாரத்தில் இரண்டு கிலோ நிற்கிறது. நாங்களும் அதையே வளர்த்தால் என்ன?"

கேள்வி நியாயமானது. நிலத்தை விட்டு வந்தவர்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள சிறு இடத்தில் தொடங்கக்கூடிய தொழில் கோழி வளர்ப்பு. ஆனால் புரொயிலர் குஞ்சுக்குத் தாய் இல்லை. முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். எமது பனிக்குளிரில் ஓர் இரவு மின்சாரம் நின்றால் போதும். குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிந்து சாகும். தீவனம் முழுவதையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். கையிலிருக்கும் சிறு முதலை இப்படிப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இன்னொரு வழி உண்டு. அதுதான் இனக்கலப்பு.

கலப்பினால் என்ன நன்மை?

கடைக்கோழியும் கலப்பில் பிறந்ததே. இந்தியாவிலிருந்து சென்ற அசில் சண்டைக்கோழியை வேறு இனங்களோடு கலந்து, இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் அகன்ற நெஞ்சுள்ள கோர்னிஷ் இனத்தை உருவாக்கினார்கள். 1948இல் அமெரிக்காவில் நடந்த 'நாளைய கோழி' போட்டியில் முதலிடம் பெற்றவை, கோர்னிஷையும் நியூ ஹம்ப்ஷயர் இனத்தையும் கலந்து சார்ள்ஸ் வான்ட்ரஸ் என்பவர் உருவாக்கிய கோழிகள். இந்தியாவிலே வீட்டு முற்றத்துக்கென்று கிரிராஜா, வனராஜா முதலிய கோழிகளை உருவாக்கியதும் இதே முறையில்தான்.

உறவில்லாத இரு இனங்கள் சேரும்போது பிறக்கும் குஞ்சு பெற்றோரின் எடைக்கு இடைப்பட்ட எடையைப் பெறுகிறது. அத்துடன் பிழைக்கும் திறனும் ஆரம்ப வளர்ச்சியும் கூடுகின்றன. இதனைக் கலப்பு வீரியம் என்பார்கள். ஊர்ச்சேவல் ஒன்றரைக் கிலோ, ரோட் ஐலண்ட் ரெட் சேவல் மூன்றரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், நல்ல தீனி கிடைக்கும் கலப்புச் சேவல் இரண்டரைக் கிலோவை எட்டலாம். தீனி இல்லையேல் எந்த இரத்தமும் எடை தராது.

பேடு மட்டும் ஊர்க்கோழியாகவே இருக்கட்டும். அது அடைகாக்கும், குளிரில் குஞ்சைச் சிறகுக்குள் வைத்திருக்கும், பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கும். காசில்லாமல் கிடைத்த குஞ்சுபொரிக்கும் இயந்திரம் அது.

செய்யும் முறை

1. ரோட் ஐலண்ட் ரெட், நியூ ஹம்ப்ஷயர் போன்ற தூய இனச் சேவலையே தேடுங்கள். எங்கே கிடைக்கும் என்று பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். புரொயிலர்ச் சேவல் வேண்டாம். அதுவே பல வழிக் கலப்பு. உடல் பெருத்துக் காலும் தளரும்.

2. புதிய சேவலை மூன்று வாரம் தனியே அடைத்து, நோய் உண்டா என்று கவனியுங்கள். பழைய சேவல்களையும் அன்றே அகற்றிவிடுங்கள். சேவலின் விந்து பேட்டின் உடலில் இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். அதற்கு முன் எடுத்த முட்டையை அடைவைத்தால் பழைய சேவலின் குஞ்சே வரக்கூடும்.

3. பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். சேவல் பெரிதென்பதால் அதன் முள்ளை மழுக்கிவிடுங்கள். பேட்டின் முதுகு காயப்படாது.

4. ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளில் பத்துப் பன்னிரண்டை அடைவையுங்கள். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். ராணிகெட் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுக்கத் தவறாதீர்கள்.

தவறு நேரும் இடம்

கலப்புச் சேவல் அழகாக வளர்ந்து நிற்கும்போது, "இதையே இனத்துக்கு விடுவோம்" என்று தோன்றும். நாமும் ஒருமுறை அப்படிச் செய்து ஏமாந்தோம். கலப்பையும் கலப்பையும் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் கலப்பு வீரியம் பாதியாகிவிடும். குஞ்சுகளும் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வரும். அடைக்கு உட்காரும் குணமும் குறையலாம். ஆகவே கலப்புச் சேவல்களை இறைச்சிக்கு விற்றுவிடுங்கள். அடுத்த ஊர்ப்பேடுகளைப் பெற, ஒரு சில நல்ல பேடுகளை ஊர்ச்சேவல் ஒன்றோடு வேறாக அடைத்து வளருங்கள்.

இதை ஒரு குடும்பம் தனியே செய்துவிட முடியாது. லயத்தில் எல்லார் கோழியும் ஒரே முற்றத்தில்தான் மேய்கின்றன. பக்கத்து வீட்டுச் சேவல் உலாவும்வரை உங்கள் முயற்சி வீண். லயத்துக் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி, பொதுவில் ஒரு சேவலை வாங்கி, அதற்கு யார் எந்த வாரம் தீனி போடுவது என்று முதலில் தீர்மானியுங்கள். வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே லயத்தில் வாழும் நாம் ஒன்றுகூடித் தொடங்கும் முதல் காரியமாகவும் அது அமையலாம்.