இடம் மாறி நிலைத்த எஸ். குணாளன்

ஸ்கூடாய்: வட்டாரத் திடல்களில் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குக் கோல் அடிக்கத்தான் ஆசை. தற்காப்பில் நிற்கச் சொன்னால் முகம் வாடிவிடும். அவர்கள் எஸ். குணாளனைப் பார்க்கலாம்.

நெகிரி செம்பிலான், சிலாங்கூர் அணிகளில் பக்கவாட்டில் ஓடித் தாக்கியவர் அவர். கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணிகளில் 2009 சீ விளையாட்டுத் தங்கமும் 2010 சுசுகி கிண்ணமும் வென்றார்.

பின்னர் ஜொகூரின் ஜேடிதி அணியில் வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரரானார். தாக்குதலுக்கு உதவிய அதே வேகம், எதிரணியினரைத் துரத்தித் தடுக்கவும் கைகொடுத்தது. அவர் இடம்பெற்ற ஜேடிதி, 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் கிளப் ஆனது. 30 வயதைத் தாண்டியும் அவர் சூப்பர் லீக்கில் ஆடினார்.

பயிற்றுநர் இடத்தை மாற்றினால், ஒதுக்கிவிட்டார் என்று பிள்ளைகள் எண்ண வேண்டியதில்லை.