குளத்துப் பாசியும் குரங்கின் மூளையும்

குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு சாளரத்தருகே சில மணி நேரம் வைத்தால், வெளிச்சம் விழும் பக்கத்திலே மெல்லிய பச்சை படர்வதைச் சிலவேளை காணலாம். அங்கே கூடுபவை கண்ணுக்குப் புலனாகாத ஒருகலப் பாசிகள். அவற்றுள் ஒன்றன் பெயர் கிளமிடோமொனாசு. அதற்கு மூளையுமில்லை, நரம்புமில்லை. எனினும் ஒளி வரும் திசையை அறிந்து, தன் இரு நுண்ணிய இழைகளை அடித்து அத்திசை நோக்கி நீந்துகின்றது. இச்சிற்றுயிர் ஒளியை உணரும் வகை யாது என்னும் வினா, காலப்போக்கில் குரங்கின் மூளைக்கும், பார்வையிழந்த மனிதரொருவரின் கண்ணுக்கும் வழிகாட்டிற்று.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவை தம்முள் மின் துடிப்புக்களாற் செய்தி பரிமாறுகின்றன. 1870 ஆம் ஆண்டில், பேர்லின் நகரில், பிறிச், ஹிற்சிக் என்னும் இருவர் நாயின் மூளைப் புறணியில் மின்னைப் பாய்ச்சினர். அதன் உடலின் மறுபக்கத் தசைகள் அசைந்தன. அன்று தொட்டு மின்சாரம் மூளையை ஆராய்வோரின் சிறந்த கருவியாயிற்று. ஆயினும் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. வகுப்பிலே ஒரு மாணவனை அழைப்பதற்காகப் பாடசாலை மணியை அடித்தால், எல்லா மாணவரும் எழுந்துவிடுவர் அல்லவா? மின்னும் அத்தகையதே. அருகருகே பின்னிக் கிடக்கும் பலவகைக் கலங்களையும் அது ஒருங்கே கிளப்பிவிடும்.

மரபுப் பொருளாகிய டி. என். ஏ. யின் அமைப்பைக் கண்டவருள் ஒருவரான பிரான்சிஸ் கிறிக், 1979 ஆம் ஆண்டில் இக்குறையை எடுத்துக் காட்டினார். ஏனைய கலங்களைத் தீண்டாமல் ஒருவகைக் கலங்களை மாத்திரம் ஆளும் முறையொன்று வேண்டும் என்றார். 1999 ஆம் ஆண்டில், அதற்கேற்ற கருவி ஒளியாகலாம் எனவும் குறிப்பிட்டார். ஆனால் மண்டையோட்டினுள் இருளில் வாழும் மூளைக் கலத்துக்கு ஒளியை உணரும் ஆற்றலை யார் கொடுப்பது?

விடை பாசியிடம் இருந்தது. நாகெல், ஹெகமன், பம்பேர்க் ஆகியோர் உள்ளிட்ட ஜேர்மானிய விஞ்ஞானிகள், 2002, 2003 ஆம் ஆண்டுகளில் கிளமிடோமொனாசின் ஒளியுணர் புரதங்களைப் பிரித்தறிந்தனர். சனல்றொடொப்சின் எனப்படும் இப்புரதம் கலத்தின் மேன்சவ்விலே ஒரு வாயில் போல் அமைந்துள்ளது. நீல ஒளி பட்டவுடன் வாயில் திறக்க, மின்னேற்றமுடைய அயன்கள் உள்ளே புகுகின்றன. நரம்புக் கலம் துடிப்பதும் அயன்கள் புகுவதனாலேயே. ஆகவே, இப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகை, தீங்கு நீக்கிய வைரசு ஒன்றில் ஏற்றி நரம்புக் கலத்துக்குள் அனுப்பினால், அக்கலம் ஒளிக்குப் பணியும். 2005 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் டைசரொத், பொய்டன் ஆகியோரும் அவர்தம் துணைவரும், வளர்ப்பூடகத்தில் வைத்த எலியின் நரம்புக் கலங்களில் இதனைச் செய்து காட்டினர். ஈராண்டுகளின் பின், உவர் ஏரியில் வாழும் ஒரு நுண்ணுயிரின் புரதத்தைக் கொண்டு, மஞ்சள் ஒளியினால் கலங்களை அடக்கவும் வழி பிறந்தது. ஒளியொன்று எழுப்ப, ஒளியொன்று உறங்க வைத்தது.

எலியில் வென்றது மனிதரிலும் வெல்லும் எனக் கொள்வதற்கில்லை. எலியின் மூளை சிறியது. குரங்கின் மூளையோ அமைப்பிலும், பார்வையைக் கையாளும் முறையிலும் மனித மூளைக்கு மிக நெருங்கியது. வட இந்தியாவிற் பரவலாகக் காணப்படும் ரீசஸ் குரங்கு இவ்வாராய்ச்சிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில், மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் அதன் மூளையின் முற்பகுதிக் கலங்களை ஒளியாற் கிளர்த்தினர். பன்முறை செய்தும் அக்கலங்கள் கெடவில்லை.

ஆயினும் ஒரு புதிர் எழுந்தது. தொடக்க காலச் சோதனைகளிற் கலங்கள் துடித்தன. குரங்கின் நடத்தையோ மாறவில்லை. காரணம் எளிது. நீல ஒளி மூளைத் திசுவிற் சிதறி, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தூரத்துள் மங்கிவிடுகின்றது. பெரிய மூளையொன்றில் அத்துணைச் சிறு பகுதியின் குரல் எடுபடுவது அரிது. 2012 ஆம் ஆண்டிலேதான் தடை தளர்ந்தது. வாசிங்ரன் பல்கலைக்கழகத்தார் குரங்கின் பார்வைப் புறணியில் ஒரு புள்ளிக்கு ஒளியூட்டினர். குரங்கின் கண்கள், அப்புள்ளிக்குரிய வெளியிடத்தை நோக்கித் திரும்பின. அவ்விடத்திற் பார்ப்பதற்கு ஒரு பொருளும் இருக்கவில்லை. 2015 ஆம் ஆண்டில், முகங்களை அறியும் சிறு கலத்தொகுதியொன்றை ஒளியால் அடக்கியபோது, ஆண்முகத்தையும் பெண்முகத்தையும் பிரித்தறியும் குரங்கின் திறன் சிறிது குன்றிற்று. அச்சிறு குறைவே பெரிய சான்று. அக்கலங்கள் முகத்தைக் கண்டு துடிப்பவை மாத்திரமல்ல. முகத்தை அறியும் செயலில் அவற்றுக்குப் பங்கும் உண்டு என்பதை அது நிறுவிற்று.

இவற்றைக் கேட்போர் உள்ளத்தில் ஓர் அச்சம் எழலாம்: ஒருவர் எண்ணத்தை மற்றொருவர் விளக்கேற்றி ஆளும் காலம் வந்துவிடுமோ? இன்றைய ஒளி எண்ணங்களை எழுதுவதன்று. அறுவைச் சிகிச்சையும் பரம்பரையலகும் இன்றி அது ஒரு கலத்தையும் ஆளாது. இதனினும் அண்மையிலுள்ள வினா வேறொன்று. மண்டை திறக்கப்படும் குரங்கு தன் சம்மதத்தைக் கூற வல்லதன்று. இயன்றவிடத்து விலங்குக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்ளுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என ரசல், பேர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959 ஆம் ஆண்டில் மூன்று நெறிகளை வகுத்தனர். அந்நெறிகளைப் போற்றினும், அக்கடன் முற்றாகத் தீர்ந்துவிடாது.

அக்கடனாற் கிடைத்த பயன் யாது? விழித்திரையும் நரம்புக் கலங்களாலானதே. பாசிப் புரதமொன்று குரங்கின் விழித்திரையிற் சோதிக்கப்பட்ட பின்னர், விழித்திரை நலிந்து பார்வையிழந்த 58 வயதினர் ஒருவரின் கண்ணொன்றினுள் அதன் பரம்பரையலகு செலுத்தப்பட்டது. அதன் பயன் 2021 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. காட்சியைச் செம்மஞ்சள் ஒளியாக மாற்றித் தரும் விசேட கண்ணாடியை அணிந்து, பல மாதம் பயின்றபின், மேசைமேலிருந்த பொருளை அவர் கண்டார், கையை நீட்டித் தொட்டார், பொருள்களை எண்ணினார். முகங்களை அறியவோ நூலை வாசிக்கவோ அவரால் இயலவில்லை. ஆயினும் வீதியைக் கடக்குமிடத்து வெள்ளைக் கோடுகள் அவருக்குப் புலப்பட்டன.

குளத்துப் பாசி ஒளியை நாடி நீந்துவது தன் வாழ்வின் பொருட்டு. அதன் வாயிலைக் கடன் வாங்கிய மனிதன், அதனூடே எதனை அனுப்புகின்றான் என்பதை என்றும் விழிப்போடு நோக்குதல் வேண்டும்.