வேலூர் கோட்டைக்கு ஒரு நாள்: கார்டு தேய்க்காம போயிட்டு வர ஒரு கணக்கு

லாங் வீக்கெண்ட் வந்தாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ரிசார்ட் லிங்க் வந்து விழும். "தலைக்கு 12,000 தான் மச்சி, கார்டுல போட்டுக்கலாம்."

அந்த 12,000-ஐ முதல்ல பார்த்துடுவோம். கார்டு வட்டி மாசம் 3.5 சதவீதம்னு வைங்க. முதல் மாச வட்டி 420 ரூபாய். வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 76 ரூபாய். நீங்க மாசம் 600 மட்டும் கட்டினா 496 அதுலயே போயிடும். அசல்ல குறையறது வெறும் 104 ரூபாய். இப்படியே கட்டினா கடன் முடிய மூன்றரை வருஷத்துக்கு மேல ஆகும். ரெண்டு நாள் நீச்சல் குளத்துக்கு இது ரொம்ப ஓவர்.

சென்னையில வேலை பார்க்கிறவங்களுக்கு நான் சொல்ற மாற்று வேலூர் கோட்டை. காலையில ரயில் ஏறினா ரெண்டு மணி நேரம் முன்ன பின்ன காட்பாடி, அங்கிருந்து டவுன் பஸ். ஒரே நாள் பயணம்ங்கிறதால ரூம் வாடகை கிடையாது. கோட்டைக்குள்ள போக டிக்கெட்டும் கிடையாது.

இலவசம்னதும் சாதாரணமா நினைச்சுடாதீங்க. 133 ஏக்கர்ல, அகழி சூழ, 16-ஆம் நூற்றாண்டு விஜயநகர காலத்துக் கருங்கல் கோட்டை. உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூணும் இருக்கு. கோயில்ல பல நூற்றாண்டு மூலவரே இல்லாம இருந்து, 1981-லதான் மறுபடி சிவலிங்கத்தை வச்சாங்க. கல்யாண மண்டபத் தூண்களுக்கு மட்டும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால கோயிலை முதல்ல பாருங்க.

ஆனா இந்தக் கோட்டையோட பெரிய கதை 1806 ஜூலை 10. நெத்தியில சாதி, மதக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வச்ச புதுத் தலைப்பாகை போடணும்னு கம்பெனி ராணுவம் உத்தரவு போட்டுச்சு. இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் ரெண்டு பேருக்குமே அது பொறுக்கல. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, நூத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரங்களைக் கொன்னு கோட்டையைப் பிடிச்சாங்க. 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னாடி! பிடிச்ச பிறகு என்ன செய்யறதுன்னு சரியான திட்டம் இல்லை, பலர் கொள்ளையில இறங்கிட்டாங்க. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்து அதே நாள்ல கோட்டையை மீட்டான். நூத்துக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டாங்க. 1799-க்குப் பிறகு இங்க வச்சிருந்த திப்புவோட குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க. கண்டியோட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் பிற்பாடு இங்கதான் கைதியா இருந்து, 1832-ல இறந்தார். இதைப் படிச்சுட்டுப் போனா மதில்மேல நிக்கிறப்போ இடமே வேற மாதிரி தெரியும்.

இப்ப பட்ஜெட். ரயில், பஸ், சாப்பாடு, தண்ணி, அருங்காட்சியக டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒருத்தருக்கு 1,000 ரூபாய் எடுத்து வைங்க. வீட்ல ரெண்டு பேர்னா 2,000. மூணு மாசம், மாசம் 700 வீதம் தனி சேமிப்புக் கணக்குல போட்டா பணம் ரெடி. சம்பளம் வந்த அன்னிக்கே போகிற மாதிரி ஆட்டோ டிரான்ஸ்பர் போட்டுடுங்க, மாசக் கடைசியில மிச்சம் பார்த்துப் போடலாம்னா மிச்சமே இருக்காது.

பர்ஸ் கிழியற இடம் கோட்டை இல்லை, அதுக்கு அப்புறம் வர்ற ஆம்பூர். வேலூர்ல இருந்து பஸ்ல சுமார் 50 கிலோமீட்டர். சீரகச் சம்பா பிரியாணி, கூட கத்திரிக்காய் கறி. அதுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம், பட்ஜெட்லயே சேர்த்துக்கோங்க. ஷூ கடைகள் வேற விஷயம். ஏற்றுமதி ஷூ தைக்கிற ஊர், விலை பார்த்ததும் கை அரிக்கும். ஆபீஸ் ஷூ நிஜமாவே தேய்ஞ்சிருந்தா அந்தப் பணத்தைத் தனியா, கேஷா எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா பிரியாணியோட திரும்பிடுங்க. "மூணு வாங்கினா ஆஃபர்"னு சொன்னா, உங்களுக்கு ரெண்டு கால்தான்.

மூணு சின்ன விஷயம். வேலூர் வெயில் ஆளைப் பொசுக்கும், நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் லீவு, அன்னிக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை போறீங்கன்னா திரும்பி வர்ற டிக்கெட்டை முன்கூட்டியே ரிசர்வ் பண்ணிடுங்க. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு டாக்ஸி பிடிச்சா, மூணு மாசம் சேர்த்த 2,100 ரூபாய் அதுக்கே பத்தாது.