மலைப்பள்ளியிலிருந்து நீதிபதி இருக்கைக்கு

திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி மலையில் பள்ளிக்கல்வி கற்று, பின்னர் சட்டம் பயின்றவரும், ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண்ணுமான ஸ்ரீபதி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் தம் 23ஆம் வயதில் வெற்றிபெற்றார் என்பது 2024 பிப்ரவரியில் தெரியவந்தது. உரிமையியல் நீதிபதி என்பவர் நிலம், சொத்து, ஒப்பந்தம் முதலிய வழக்குகளைக் கீழமை நீதிமன்றத்தில் விசாரிப்பவர். குழந்தை பிறந்த சில நாள்களிலேயே சென்னைக்குப் பயணம் செய்து அவர் அத்தேர்வை எழுதினார் என்பதும், குடும்பத்தார் அதற்கு உறுதுணையாக நின்றனர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

ஸ்ரீபதியைப் போல் நீதிபதியாகும் விருப்பம் சிலருக்குத் தாமதமாகவும் தோன்றலாம்; மாணவப் பருவத்தில் இலக்கு மாறுவது குற்றமாகாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் சேர முடிவதுபோல, வேறொரு பாடத்தில் பட்டம் பெற்ற பின் சட்டத்தின்பால் நாட்டம் கொள்வோர்க்கும் மூன்றாண்டுப் படிப்பு திறந்தே இருக்கிறது. எனினும், உரிமையியல் நீதிபதித் தேர்வெழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்ததால், இத்துறையை நாடுவோர் அக்காலத்தையும் கணக்கில் கொண்டு திட்டமிட வேண்டும். ஆர்வத்தை ஊட்டுவதோடு இத்தகைய விதிகளையும் மாணவர்க்கு உரிய காலத்தில் எடுத்துரைப்பது, குறிப்பாக முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்லும் மலைவாழ் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது, பள்ளிகளின் தலையாய கடமையாகும்.